நிலமும் நூலும்: விவிலியத் தலங்களில் மாணவர் பயணங்கள்

வரலாற்றை வகுப்பறைக்குள் மட்டும் கற்றல் போதாது, வரலாறு நிகழ்ந்த நிலத்தையும் மாணவர் நேரிற் கண்டறிதல் வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கொள்கையாகும். களப்பயணம் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களின் ஓர் அங்கமாகிவிட்டது. ஆயின் நிலத்தைக் காணச் செல்லும் மாணவன் நிலத்தைத்தான் காண்கிறானா, அன்றித் தன் கையிலுள்ள நூலை நிலத்தின்மீது விரித்து மீண்டும் ஒருமுறை படித்துவிட்டுத் திரும்புகிறானா என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுவதில்லை. வரலாற்றேட்டைக் கையிலேந்தித் தூபிகளையும் குளங்களையும் தேடிச் செல்லும் வழக்கத்தை அறிந்த எமக்கு இவ்வினா அந்நியமானதன்று. எனினும் அதனை ஆராய்வதற்கு விவிலியத் தலங்களைப்போற் பொருத்தமான களம் பிறிதொன்றில்லை எனலாம். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அங்கு மாணவர் குழுக்கள் சென்று வந்துள்ளன. அவர்களுட் சிலர் பார்வையாளராக மட்டும் திரும்பவில்லை. பெருங் கண்டுபிடிப்புகள் சில மாணவர் கைகளிலேயே நிகழ்ந்தன.

பலஸ்தீனம் என்ற பெயரை யோர்தான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடைப்பட்ட நிலத்தைச் சுட்டும் பழைய புவியியற் பெயராகவே இக்கட்டுரையிற் கையாளுகின்றோம்.

இத்துறையின் தொடக்கமே ஓர் ஆசிரியரும் அவருடைய பழைய மாணவரும் மேற்கொண்ட பயணமாக அமைந்தது. நியூயோர்க் நகர இறையியற் கல்லூரிப் பேராசிரியரான எட்வேட் றொபின்சன், 1838இல் ஈலாய் ஸ்மித் என்பவருடன் சினாய் வழியாக எருசலேமை அடைந்து, அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளையும் சுற்றினார். ஸ்மித் முன்னர் றொபின்சனிடம் கற்றவர். பெய்ரூத்தில் மிஷனரியாகப் பணியாற்றி அரபு மொழியிற் புலமை எய்தியவர். துறவிகள் காட்டிய புனித இடங்களை இருவரும் ஐயத்துடனேயே நோக்கினர். அதற்கு மாறாக, வழியிற் கண்ட உழவர்களிடமும் இடையர்களிடமும் ஊர்ப்பெயர்களைக் கேட்டெழுதினர். பெய்தீன் என்ற சிற்றூரிற் பெத்தேலையும், சைலூன் என்ற இடிபாட்டிற் சீலோவையும், அனாத்தாவில் ஆனதோத்தையும், அல்-ஜீப்பிற் கிபியோனையும் அவர்கள் இனங்கண்டமை இவ்வாறேயாம். இவற்றுள் அல்-ஜீப் பற்றிய துணிபு 1956இல் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது. அமெரிக்கரான ஜேம்ஸ் பிரிச்சாட் அங்கு அகழ்ந்தபோது, கிபியோன் என்ற பெயர் பொறித்த சாடிக் கைபிடிகள் வெளிப்பட்டன.

றொபின்சனின் புகழ் இம்முறையினால் எய்தப்பட்டது. ஆயின் அதற்கு மூலமாயிருந்த அறிவு அவருடையதன்று. எபிரேய நூலைப் படித்தறியாத அரபு உழவர்கள், இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பெயர்களைத் தம் வாயில் வைத்துக் காத்திருந்தனர். பேரரசுகள் மாறின, மதங்கள் மாறின, மொழியும் மாறிற்று. வயலையும் ஊற்றையும் குறித்த பெயர்கள் பல மாறவில்லை. உழைக்கும் மக்களின் தொடர்ச்சியான குடியிருப்புக்கு இதனினுந் தக்க சான்று வேறு யாது? அறிஞர் நூல்களில் இம்மக்கள் பெரும்பாலும் பெயரற்ற வழிகாட்டிகளாகவே நின்றுவிட்டனர்.

நூலறிவும் ஊரறிவும் கைகொடுக்காத இடத்தில் றொபின்சன் வழுவியமையும் ஈண்டு நோக்கற்பாலது. எஸ்திரேலோன் சமவெளியின் ஓரத்திலுள்ள தெல் அல்-முதசெல்லிம் என்ற மேட்டின்மீது அவர் ஏறி நின்றார். நகரொன்று அமைவதற்கு ஏற்ற இடமென்று வியந்தார்; ஆயின் அங்கு நகரெதுவும் இருந்தமைக்குச் சுவடில்லை எனக் கருதி இறங்கிச் சென்றார். அவர் தேடிய மெகிதோ அவருடைய காலடியிலேயே இருந்தது. மேடு என்பது இயற்கையான குன்றன்று, மண்செங்கல் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து உயர்ந்த மனித ஆக்கம் என்ற உண்மை அன்று தெளியப்படவில்லை. 1890இல் பிளின்டர்ஸ் பெற்றி என்ற ஆங்கிலேயர் தெல் அல்-ஹெசி என்ற மேட்டின் அரிபட்ட பக்கத்தை அடுக்கடுக்காக ஆராய்ந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் உரிய மட்பாண்ட ஓடுகளை வகைப்படுத்திய பின்னரே, அம்மேடுகள் படிக்கத்தக்க ஏடுகளாயின. உடைந்த ஓடு அன்றுதொட்டு விவிலிய வசனத்துக்கு ஒரு போட்டியாளனாயிற்று.

இதே காலப்பகுதியில் மாணவர் பயணம் நிறுவன வடிவம் பெற்றது. 1890இல் இலக்ராஞ்சு என்ற தொமினிக்க சபைத் துறவி எருசலேமில் விவிலியக் கல்லூரியைத் தொடங்கி, பாடநூலுக்கு இணையாகப் பயணத்தையும் கல்வியின் பகுதியாக்கினார். 1900இல் அமெரிக்கக் கீழைத்தேயவியற் பள்ளியும், ஜேர்மன் புரட்டஸ்தாந்தத் தொல்லியற் கழகமும் நிறுவப்பட்டன. இதற்கு முன்னரே, 1865இல் இலண்டனில் அமைந்த பலஸ்தீன ஆய்வு நிதியம், 1871க்கும் 1877க்கும் இடையில் மேற்குப் பலஸ்தீனம் முழுவதையும் அளந்து 26 தாள்களிற் படமாக்கியிருந்தது. அளந்தவர்கள் பிரித்தானிய இராணுவப் பொறியியலாளர். அவர்களுள் ஒருவர் பின்னாளிற் புகழ்பெற்ற கிச்சினர் பிரபு ஆவார். சமயப் பற்றும், அறிவுத் தாகமும், ஏகாதிபத்திய நலனும் ஒரே அளவுச் சங்கிலியைப் பிடித்து நடந்த காலம் அது. மாணவர் கையிலிருந்த படமும் அந்தப் படமே.

ஜேர்மன் கழகத்தின் முதல் இயக்குநரான குஸ்தாவ் டால்மன் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். அவர் இளம் போதகர்களையும் மாணவர்களையும் குதிரையில் ஏற்றி நாடெங்கும் அழைத்துச் சென்றார். ஆனால் இடிபாடுகளுக்கு முன்னே நின்று வசனம் வாசிப்பதுடன் அவர் அமையவில்லை. ஏரின் உறுப்புகள், கதிரடிக்கும் களம், ரொட்டி சுடும் அடுப்பு, ஒலிவ எண்ணெய்ச் செக்கு, கூடார நெசவு ஆகியவற்றைக் கண்டு, கேட்டு, வரைந்து குறித்தார். பலஸ்தீனத்தில் உழைப்பும் வழக்கமும் பற்றிய அவருடைய பெருநூல் 1928ஆம் ஆண்டு முதல் 1942ஆம் ஆண்டு வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. விவிலியத்துக்கு விளக்கம் தேடியே அவர் இவ்வேலையில் இறங்கினார் என்பது உண்மையே. அக்காலத்து உழவனை ஆபிரகாமின் காலத்து மனிதனாகக் காணும் குறை அவரிடத்தும் உண்டு. எனினும், பின்னர் கலைந்துபோன ஓர் உழவர் சமுதாயத்தின் பொருளுற்பத்தி வாழ்க்கைக்கு இத்துணை நிறைவான பதிவு வேறில்லை. தேடிச் சென்றது ஒன்றாகவும் கிடைத்தது அதனினும் பெரிதாகவும் அமைந்த பயணம் என்று இதனைக் கூறலாம்.

அமெரிக்கப் பள்ளியில் 1920 முதல் 1929 வரையும், மீண்டும் 1933 முதல் 1936 வரையும் இயக்குநராயிருந்த வில்லியம் அல்பிறைற், மாணவரை மேடுதோறும் அழைத்துச் சென்று ஓடு பொறுக்கப் பழக்கினார். தெல் பெய்த் மிர்சிம் என்ற மேட்டில் 1926 முதல் 1932 வரை நான்கு பருவங்களில் அகழ்ந்து, பலஸ்தீன மட்பாண்டக் கால வரிசையை அவர் செம்மைப்படுத்தினார். இச்சாதனை நிலைபெற்றது. ஆனால் அம்மேடு விவிலியத்தின் தெபீர் நகரே என்ற அவருடைய முடிபு நிலைபெறவில்லை; கிர்பத் றபூத் என்ற வேறோர் இடமே தெபீர் என்று இன்று பலரும் கொள்கின்றனர். அல்பிறைற்றின் ஓடுகள் அவருடைய வசனத்தினும் உறுதியாயிருந்தன. யோசுவாவின் படையெடுப்பு வரலாற்று நிகழ்ச்சியே என அவர் வாதிட்டமைக்கும் இதே கதி நேர்ந்தது.

எரிக்கோவின் வரலாறு இதனை நன்கு விளக்கும். எக்காள ஓசையால் மதில்கள் வீழ்ந்த கதை நடந்த இடமென்று தெல் அஸ்-சுல்தான் மேட்டுக்கு மாணவர் கூட்டங் கூட்டமாக வந்தனர். 1930 முதல் 1936 வரை அங்கு அகழ்ந்த ஜோன் கார்ஸ்டாங், வீழ்ந்த மதில்களைக் கண்டதாகவும் அவை யோசுவா காலத்தவை எனவும் அறிவித்தார். வந்தவர்களுக்கு மன நிறைவு உண்டாயிற்று. 1952 முதல் 1958 வரை அதே மேட்டிற் கதலீன் கெனியன் புதிதாக அகழ்ந்தார். மண்ணடுக்குகளின் குறுக்குவெட்டைப் பேணி, ஒவ்வொரு சுவரும் எவ்வடுக்கில் நிற்கின்றது என்பதை அறிந்தபின் அவர் கூறிய முடிபு தெளிவானது: கார்ஸ்டாங் கண்ட மதில்கள், அவர் கூறிய காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டவை, யோசுவாவுக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கு மதில் சூழ்ந்த நகரெதுவும் இருக்கவில்லை. அண்டையிலுள்ள ஆயி என்ற தலத்தின் செய்தியும் இவ்வாறே. 1933 முதல் 1935 வரை அங்கு அகழ்ந்த யூடித் மார்க்கே-கிறவுஸ் என்ற பெண்மணி, யோசுவா அழித்ததாகக் கூறப்படும் காலத்துக்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்விடம் பாழாய்க் கிடந்தமையைக் காட்டினார். மறுதலையாக, ஆத்சோரில் 13ஆம் நூற்றாண்டளவிற் பெருந்தீயால் அழிந்த நகரொன்று வெளிப்பட்டுள்ளது. அத்தீயை இட்டவர் யார் என்பதில் அறிஞர் உடன்படவில்லை. சான்று எங்கும் ஒரே திசையில் இல்லை என்பதை ஒளியாது கூறுதல் முறையாகும்.

கெனியன் கையாண்ட முறை எம்மவர்க்கும் தொடர்புடையது. 1930களில் இங்கிலாந்தின் வெறுலாமியம் என்னும் உரோம நகரில் மோட்டிமர் வீலரிடம் அவர் அகழ்வைக் கற்றார். அதே வீலர், இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்து, 1945இற் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அதே முறையைப் பயன்படுத்தினார். அடுக்கு அடுக்காகப் படிக்கும் இம்முறை தமிழகத்தின் கடல் வாணிபத்துக்குக் காலம் வகுத்துத் தந்தது. எரிக்கோவில் ஒரு புனித நிகழ்ச்சியின் காலத்தைக் கேள்விக்குள்ளாக்கிற்று. அன்றியும், மதிலைத் தேடி வந்தவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கெனியன் அடியிற் கண்டார். கி.மு. 8000 அளவில், மட்பாண்டமே செய்யத் தெரியாத மக்கள் கட்டிய கற்கோபுரம் அங்கு ஏறத்தாழ எட்டு மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. 2023இல் பலஸ்தீனத்தின் பெயரால் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது இம்மேட்டுக்குப் பெருமை சேர்த்தது அப்பழைய குடியிருப்பேயன்றி யோசுவா அல்லர்.

அப்படியாயின் இஸ்ரவேலர் எங்கிருந்து வந்தனர்? டால்மனுக்குப் பின்னர் ஜேர்மன் மாணவர் பயணங்களை வழிநடத்திய அல்பிறெக்ற் ஆல்ற், 1925இல் மாற்றுக் கருத்தொன்றை முன்வைத்தார். பெரும் படையெடுப்பு நிகழவில்லை. மந்தை மேய்த்தோர் மக்கள் அடர்த்தியற்ற மலைப்பகுதிகளிற் படிப்படியாக நிலைகொண்டனர் என்பது அக்கருத்து. சமவெளி நகரங்களுக்கும் மலைநாட்டுக்கும் உள்ள வேறுபாடு அதன் அடித்தளமாகும். 1962இல் ஜோர்ஜ் மெண்டன்ஹோல் மேலுமொரு படி சென்றார். வெளியிலிருந்து எவரும் பெருந்தொகையாக வரவில்லை, கானானிய நகர அரசர்களின் சுரண்டலிலிருந்து விலகிய உழவர்களே இஸ்ரவேலராயினர் என அவர் கூறினார். 1979இல் நோர்மன் கொற்வால்ட் இக்கருத்தைச் சமூகவியல் அடிப்படையில் விரித்து, உழவர் புரட்சி என்ற விளக்கமாக்கினார்.

முற்போக்கு வாசகர்க்கு இவ்விளக்கம் இனிக்கும். எமக்கும் அது இனிக்கவே செய்கின்றது. அதனாலேயே அதைக் கூடுதலான எச்சரிக்கையுடன் நோக்குதல் வேண்டும். 1980களில் இஸ்ரவேல் பின்கெல்ஸ்ரைன் முதலானோர், தம் குழுவினருடன் எபிராயீம் முதலிய மலைப்பகுதிகளைக் கால்நடையாக ஆராய்ந்து, இரும்புக் காலத் தொடக்கத்தைச் சேர்ந்த சிறு குடியிருப்புகளைப் பெருந்தொகையாகக் கண்டனர். மத்திய மலைநாட்டில் இவ்வாறு சுமார் 250 ஊர்கள் அறியப்பட்டுள்ளன. அரண்மனை இல்லை, கோயில் இல்லை, மதிலும் பெரும்பாலும் இல்லை. மட்பாண்டம் கானானிய மரபின் தொடர்ச்சியாகவே காணப்படுகின்றது. உள்நாட்டுத் தோற்றம் என்ற கருத்துக்கு இது வலுவூட்டும். ஆனால் புரட்சி நிகழ்ந்தமைக்கு இது சான்றாகாது. கொற்வால்ட்டும் தன் கையில் ஒரு நூலுடனேயே மேட்டில் ஏறினார் என்பதை நாம் மறத்தலாகாது. அந்நூல் எமக்கு உவப்பானது என்பதே வேறுபாடு.

நூலை நிலத்தின்மீது பதிக்கும் ஆர்வம் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு எமது தீவிலிருந்தே ஒரு சான்று தரலாம். இலங்கை அரசின் காலனித்துவச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலிற் சாலொமோனின் கப்பல்கள் நாடிச் சென்ற தர்சீசு எமது காலித் துறைமுகமே என வாதிட்டார். சாலொமோன் பெற்ற மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் தமிழ்த் ‘தோகை’யின் திரிபு என்ற கருத்தும் அக்காலத்தே பரவிற்று. சொல்லாராய்ச்சி தனியே ஆராயற்பாலது. மாற்று விளக்கம் தருவோரும் உளர். காலியைத் தர்சீசு ஆக்கியதற்கோ ஓர் ஓடுதானும் சான்றாகக் காட்டப்படவில்லை.

மாணவர் பயணம் வெறும் அறிவுப் பிழையுடன் நில்லாது, அரசியற் சடங்காக மாறிய தலம் மசாதா. சாக்கடலின் மேற்கே செங்குத்தாக உயரும் இக்குன்றில், உரோமப் படை முற்றுகையிட்ட கி.பி. 73 அல்லது 74இல், 960 பேர் சரணடைய மறுத்துத் தம்முயிரை மாய்த்தனர் என்று யோசேப்பஸ் எழுதினார். அம்மரணங்கள் பற்றி எமக்குள்ள எழுத்துச் சான்று அவர் நூல் ஒன்றே. 1942 சனவரியில், றொமெலின் படை வட ஆபிரிக்காவிற் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில், ஷ்மாரியா குத்மன் என்பவர் இளைஞர் இயக்க வழிகாட்டிகள் 46 பேரைத் திரட்டி அக்குன்றில் ஏற்றிக் கருத்தரங்கு நடத்தினார். சென்றவர் ஒவ்வொருவரும் தத்தம் இயக்கத்தாரைப் பின்னர் அழைத்துச் செல்வர் என்பது அவர் திட்டம். திட்டம் பலித்தது. பாலைநிலத்தில் நெடுந்தொலைவு நடந்து, விடியலிற் குன்றேறி, வீரமரணத்தை நினைந்து திரும்புதல் ஒரு தலைமுறையினரின் பண்பாட்டு நிகழ்ச்சியாயிற்று. அரசு அமைந்தபின் படைவீரரும் அங்கே பல ஆண்டுகள் உறுதிமொழி எடுத்தனர்.

அக்குன்றில் விளக்கவுரை கேட்ட மாணவர் பலர் கேளாத செய்தியொன்று அதே யோசேப்பஸின் நூலில் உள்ளது. மசாதாவில் இருந்தவர்கள் சிக்காரிகள் எனப்பட்ட கத்திக்காரர். அவர்கள் அருகிலுள்ள எங்கேதி என்ற யூத ஊரைக் கொள்ளையிட்டு, பெண்களும் பிள்ளைகளுமாக எழுநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர் என்கிறார் அவர். ஒரே நூலின் ஒரு பக்கம் உரத்து வாசிக்கப்பட்டது, மறுபக்கம் புரட்டப்படவில்லை. நாக்மான் பென்-யெகூதா என்ற இஸ்ரேலியச் சமூகவியலாளர் 1995இல் வெளியிட்ட நூலில் இத்தெரிவு எவ்வாறு நடைபெற்றது என்பதை விரிவாக ஆராய்ந்தார். 1963 முதல் 1965 வரை யிகாயேல் யாதீன் அங்கு நடத்திய அகழ்வில் 28 நாடுகளிலிருந்து தொண்டர்கள், பெரும்பாலும் இளைஞர், தம் செலவில் வந்து மண் அள்ளினர். குகையொன்றிற் கிடைத்த மனித எலும்புகள் 1969இல் இராணுவ மரியாதையுடன் அடக்கஞ் செய்யப்பட்டன. அவற்றோடு பன்றியெலும்புகளும் கிடந்தமை பின்னர் தெரியவந்தபோது, புதைக்கப்பட்டோர் யார் என்ற ஐயம் எழுந்தது. குன்றின் பெயரைத் தம் உறுதிமொழியாக ஏற்ற இளைஞரை நாம் ஏளனஞ் செய்யவில்லை. ஐரோப்பாவில் அவர்தம் இனத்தார் அழிக்கப்பட்ட ஆண்டு அது. ஆயினும் அச்சம் நியாயமானது என்பதனாற் சான்று நியாயமானதாகிவிடாது.

இனி, மாணவர் கண்டுபிடிப்புகளைக் கூறுவோம். 1880இல் எருசலேம் மிஷன் பாடசாலையொன்றின் மாணவனான யாக்கோபு எலியாகு, சீலோவாம் சுரங்கத்துள் நீரில் இறங்கிச் சென்றபோது பாறைச் சுவரில் எழுத்துகளைக் கண்டான். றொபின்சனும் ஸ்மித்தும் 1838இல் இதே சுரங்கத்தைத் தவழ்ந்து கடந்தவர்கள். எழுத்து அவர்கள் கண்ணிற் படவில்லை. 533 மீற்றர் நீளமான இச்சுரங்கம் கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொணர்வது. எசேக்கியா மன்னன் நகருக்குள் நீரைக் கொணர்ந்தான் என்று அரசர் ஆகமம் அவனைப் போற்றுகின்றது. 2003இல் வெளியான கரிமக் காலக்கணிப்பும் கி.மு. 700 அளவைச் சுட்டி அதனோடு ஒத்துச் செல்கின்றது. இங்கே நூலும் நிலமும் முரண்படவில்லை.

ஆனால் அந்த ஆறு வரிக் கல்வெட்டில் எசேக்கியாவின் பெயர் இல்லை. எந்த மன்னனின் பெயரும் இல்லை. கடவுளின் பெயரும் இல்லை. இரு புறத்திலிருந்தும் பாறையை வெட்டி வந்த இரு தொழிலாளர் குழுக்கள், இடைவெளி மூன்று முழமாகக் குறுகியபோது ஒருவர் குரலை மற்றவர் கேட்டமையையும், இறுதியிற் குந்தாலியோடு குந்தாலி சந்தித்தமையையும், நீர் பாய்ந்தமையையும் அது கூறுகின்றது. தலைக்கு மேலே நூறு முழம் பாறை நின்றது என்பதையும் அது கூறத் தவறவில்லை. பண்டைய மேற்காசியாவின் கல்வெட்டுகளுட் பெரும்பாலானவை மன்னர்கள் தம்மைத் தாமே புகழ்ந்தவை. வேலை செய்தவனின் கண்கொண்டு வேலையைக் கூறும் கல்வெட்டு மிக அரிது. எமது குளங்களையும் கால்வாய்களையும் கட்டியோரிடமிருந்து இத்தகையதொரு சொல் எமக்குக் கிடைத்திருப்பின் எமது வரலாற்றெழுத்து எவ்வாறு மாறியிருக்கும் என எண்ணாதிருத்தல் இயலவில்லை.

1948 பெப்ரவரியில் நாட்டில் மோதல் மூண்டு மாணவர் வெளியே செல்லல் ஆபத்தாயிருந்த வேளையில், எருசலேமின் அமெரிக்கப் பள்ளிக்குச் சிரிய மடாலயத்தார் சில தோற்சுருள்களைக் கொணர்ந்தனர். பள்ளியின் இயக்குநர் பயணத்தில் இருந்தார். அங்கிருந்த இளம் ஆய்வாளரான ஜோன் றெவரும் வில்லியம் பிரவுன்லீயும் அவற்றை ஆராய்ந்து, ஒன்று ஏசாயா நூலென இனங்கண்டனர். றெவர் அவற்றைப் படமெடுத்தார். சாக்கடற் சுருள்கள் உலகுக்குத் தெரியவந்தமை இவ்வாறு. அவற்றைக் குகையிற் கண்டெடுத்தவர்களோ தாமிரே குலத்து இடையர்கள். 1979இல் எருசலேமின் இன்னோம் பள்ளத்தாக்கில் கபிரியேல் பார்க்காய் நடத்திய அகழ்வுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவர்கள் உதவியாக வந்திருந்தனர். கல்லறையொன்றைத் துப்புரவு செய்யும்படி விடப்பட்ட சிறுவன், பொழுதுபோகாமற் சுத்தியலால் தட்டியபோது தளம் உடைந்து, கீழே கொள்ளையிடப்படாத வைப்பறை வெளிப்பட்டது. அங்கு கிடைத்த இரு சிறு வெள்ளிச் சுருள்களை விரிக்கப் பல ஆண்டுகள் சென்றன. கி.மு. 600 அளவைச் சேர்ந்த அவற்றில் எண்ணாகமத்து ஆசீர்வாதம் பொறிக்கப்பட்டிருந்தது. இன்று எமக்குக் கிடைக்கும் விவிலியப் பகுதிகளுள் அவையே மிகப் பழையவை.

அகழ்வுக் களங்களில் மாணவர் உழைப்பாளராக அமர்ந்தமை 1960களின் பின்னரே வழக்காயிற்று. பெற்றியின் காலத்திலும், 1902 முதல் 1909 வரை கேசேரில் அகழ்ந்த மக்கலிஸ்ரரின் காலத்திலும் மண் வெட்டியோரும் கூடை சுமந்தோரும் அயலூர் ஆண் பெண்களே. 1925 முதல் 1939 வரை ரொக்பெல்லரின் நிதியுடன் சிக்காகோப் பல்கலைக்கழகம் மெகிதோவை அகழ்ந்தபோது, எகிப்திலிருந்து வந்த பயிற்சி பெற்ற தொழிலாளரும் அயலூராரும் அவ்வேலையைச் செய்தனர். மண்ணின் நிறமாற்றத்தை விரல்நுனியால் உணரும் அவர்தம் திறன் அறிக்கைகளிற் சிறிதளவே பதிவாயிற்று. கேசேரிற் பின்னர் அமெரிக்கர் நடத்திய அகழ்வு மாணவருக்கான களப்பள்ளியாக அமைந்து, பல களங்களுக்கு முன்மாதிரியாயிற்று. மாணவருக்கு இது நன்மையே. பார்த்துச் செல்பவன் பிழையைக் காணான். தன் கையாற் சிறுகரண்டி பிடித்தவன் காண்பான். ஆனால் பழைய தொழிலாளர் எங்கே சென்றனர் என்ற வினா களப்பள்ளியின் பாடத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

அதற்கு விடை மேட்டின் மேலிருந்தே தெரியக்கூடியது. கேசேர் மேட்டை அடுத்திருந்த அபூ சூஷா என்ற ஊரும், மெகிதோவுக்கு அருகேயிருந்த லஜ்ஜூன் என்ற ஊரும் 1948இல் வெறுமையாயின. லஜ்ஜூன் மக்கள் பலர் உம் அல்-பாஹ்மில் வாழ்கின்றனர். அவர்தம் நிலத்தில் 1949இல் கூட்டுப்பண்ணை ஒன்று எழுந்தது. எரிக்கோ மேட்டின் அருகே அகதி முகாம் அமைந்தது. மெகிதோவில் இறங்கும் மாணவர் குழுவுக்குச் சாலொமோனின் குதிரை இலாயங்கள் எனப்பட்டவை காட்டப்படும். அவை ஆகாபின் காலத்தவையா, இலாயங்கள்தாமா என்ற விவாதமும் சொல்லப்படும். லஜ்ஜூன் என்ற பெயர் உரோமரின் லேகியோன் என்ற சொல்லிலிருந்து வந்தது, அங்கு உரோமப் படையணி தங்கியிருந்தது என்பதும் சொல்லப்படலாம். அப்பெயரைப் பதினெட்டு நூற்றாண்டுகள் தம் நாவிற் காத்த ஊராரைப் பற்றிய பேச்சு அரிது. 1949இல் தென்பகுதியின் அரபுப் பெயர்களை அகற்றி எபிரேயப் பெயர்களை இடுவதற்கு அரச குழுவொன்று நியமிக்கப்பட்டது. றொபின்சனுக்கு விவிலிய உலகைத் திறந்து காட்டிய அதே வகைப் பெயர்கள், அவ்வுலகின் பெயராலேயே படத்திலிருந்து அழிக்கப்பட்டன.

சீலோவாம் சுரங்கத்துக்கு மாணவர் இன்றும் செல்கின்றனர். முழங்கால் அளவு நீரில், கையிற் சிறு விளக்குடன், வரிசையாக நடந்து மறுபுறம் வெளிவருகின்றனர். அத்தலத்தின் நிர்வாகம் பின்னாளிற் குடியேற்ற அமைப்பொன்றின் கைக்குச் சென்றது. சுரங்கத்தின் மேலே சில்வான் என்ற பலஸ்தீன ஊர் உள்ளது, அங்குள்ள வீடுகளின் அடியில் அகழ்வு தொடர்கின்றது. உள்ளே, நடுவழியில் வளைவுகள் மிகுந்த ஓரிடத்தில், சுவரில் உளியடிகளின் திசை மாறுவதைக் கவனித்துப் பார்ப்போர் காணலாம். தெற்கிலிருந்து வந்தோரும் வடக்கிலிருந்து வந்தோரும் ஒருவர் குரலை ஒருவர் தேடித் திரும்பிய இடம் அது. கல்வெட்டு அங்கில்லை. 1890இற் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டபோது அது உடைந்தது. துண்டுகள் பொருத்தப்பட்டு இஸ்தான்புல் நூதனசாலையில் உள்ளன.